வெள்ளிக்கிழமை ஆயர்

மரியதாசன் வேலை செய்த சாப்பாட்டுக்கடை, மொன்றியல் பழைய துறைமுகத்தடியில் ஒரு கல்வீட்டின் நிலவறையில் இருந்தது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஐரோப்பாவில் நடந்ததுபோல அங்கே இரவு விருந்து வைப்பார்கள். கூடக் காசு கொடுத்தவர் பிரபு; அவருக்கு நெருப்படியில் முதுகு சாய்க்கிற கதிரை. குறையக் கொடுத்தவர்கள் குடியானவர்கள், அவர்களுக்கு நீள மர வாங்கு. கரண்டி ஒருவருக்கும் இல்லை, எல்லாம் கையால்தான். கையால் சாப்பிடுவதற்கு இந்தச் சனம் ஏன் காசு கொடுக்கிறது என்பது மரியதாசனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவர் குசினியில் கோப்பை கழுவினார். குருநகர்க் கடற்கரையில் பிறந்து, அகதியாக வந்து, செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி வீடொன்றில் மனைவி திரேசம்மாவோடு இருந்தவர். கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் காணிக்கைத் தட்டு எடுப்பது அவர்தான். அந்தத் தட்டை வேறொருவர் தொட விடமாட்டார்.

முதலாளி செலீன் ஒருநாள் அந்தக் காலத்துச் சங்கதியை அவருக்கு விளங்கப்படுத்தினாள். ஒருவன் செபிப்பான், ஒருவன் சண்டை பிடிப்பான், ஒருவன் உழுவான். உழுகிறவன் விளைச்சலில் பத்திலொன்று கோயிலுக்குக் கொடுப்பான். அவள் பிரெஞ்சில் அதிசயமாய்ச் சொன்னதை, பரிமாறுகிற ஆனந்தராசா தமிழில் சொன்னான்.

"எங்கட அப்பரும் மீன் பட்டால் கோயில் பங்கு குடுத்தவர்தான். இதிலை என்ன புதினம்?" என்றார் மரியதாசன். "சட்டி கழுவினவன் எந்தப் பக்கம் எண்டு கேள் தம்பி."

ஆனந்தராசா கேட்டான். செலீன் யோசித்துப் பார்த்துவிட்டு, அவன் கணக்கில் இல்லை என்றாள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நோன்பான தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விருந்தில் ஆயராக, அதாவது பிஷப்பாக, வேஷம் போடுகிறவன் பனியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டான். ஆயருக்கு இரண்டு வேலை. பொரித்த இறைச்சியை ஆசீர்வதிக்க வேண்டும். பிறகு மேசை மேசையாய்ப் போய்ப் பாவமன்னிப்புத் தாள் விற்க வேண்டும். உடுப்பு பெரிய உடம்புக்குத் தைத்தது. கடையில் அந்த அளவுக்குத் தோள் உள்ளவர் மரியதாசன் ஒருவர்தான்.

"நான் மாட்டன். அது பாவம்," என்றார் அவர்.

செலீன் கோபப்படவில்லை. கோப்பை கழுவுகிற மெஷின் ஒன்றுக்கு விலை கேட்டு வைத்திருப்பதாக மட்டும் சொன்னாள். ஆனந்தராசா அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அவர் கையைத் துடைத்துவிட்டு உடுப்பைப் போட்டார். தொப்பியும் அளவாய் இருந்தது. அது அவருக்கு இன்னும் பயமாய் இருந்தது.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்," என்று குடியானவன் வேஷச் சாக்கு உடுப்போடு நின்ற ஆனந்தராசா ஆயரைக் கும்பிடுவதுபோலக் குனிந்தான்.

"வாயை மூடடா. நீ சைவக்காரன், உனக்கு இது பகிடி."

"எனக்கும் இண்டைக்கு வெள்ளி விரதம் அண்ணை. இறைச்சி மணத்தோடைதானே நிக்கிறன்."

செலீன் சொல்லியனுப்பினாள்: வாய்க்கு வந்ததைப் பேசு, சனம் லத்தீன் என்று நினைக்கும். மரியதாசனுக்கு உண்மையான லத்தீன் செபம் பாடம். சின்ன வயதில் பீடத்தில் உதவி செய்தவர். அதை அந்த இடத்தில் எடுக்க மனம் வரவில்லை. தாரை ஊதினார்கள். அவர் நடந்துபோய் இறைச்சித் தட்டின்முன் நின்றார். கை உயர்ந்தது, ஆசீர்வதிக்க வரவில்லை.

"இண்டைக்குத் தபசு கால வெள்ளிக்கிழமை," என்றார் தமிழில். "ஒருத்தரும் இறைச்சி தொடப்படாது. கொண்டுபோ தம்பி."

ஆனந்தராசா உரத்த குரலில் பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தட்டைத் திருப்பிக் குசினிக்குக் கொண்டுபோனான். இதுவும் கூத்துத்தான் என்று சனம் கைதட்டியது. பிறகு இறைச்சி திரும்பி வராது என்று விளங்கி, இன்னும் பலமாய்த் தட்டியது. வேலையாட்களுக்கு என்று வைத்திருந்த பட்டாணிச் சூப்பும் பாணும் மேசைக்கு வந்தன. கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார்கள். வாங்கிலிருந்தவர்கள் சந்தோஷமாய்க் குடித்தார்கள், ஏனென்றால் பிரபுவுக்கும் அதே சூப்புத்தான்.

பிரபு எழும்பி வந்து ஒரு நோட்டை நீட்டினார். இறைச்சி சாப்பிட ஒரு மன்னிப்புத் தாள் வேண்டுமாம்.

"அந்தக் காலத்து ஆயர்மார் காசு வாங்கிக்கொண்டு விட்டவையாம் அண்ணை," என்றான் ஆனந்தராசா.

"அவை குடுத்திருப்பினம். நான் குடுக்கமாட்டன். பாணைத் தோய்ச்சுச் சாப்பிடச் சொல்."

பிரபு தோய்த்துச் சாப்பிட்டார்.

மரியதாசன் குசினிக்கு வந்து தொப்பியைக் கழற்றி வைத்து, வேலை போய்விட்டது என்று எண்ணிக்கொண்டே மிச்சச் சட்டிகளைக் கழுவினார். அரைகுறையாய் விட்டுப்போகிற வழக்கம் அவருக்கு இல்லை. செலீன் வந்து இறைச்சியைப் பார்த்தாள். முழுசாய் இருந்தது, சனிக்கிழமைக்கு ஆகும். சூப்புப் பானையைப் பார்த்தாள். காலியாய் இருந்தது, செலவும் குறைவு. மெஷின் இப்போதைக்கு வேண்டாம் என்றாள். தபசு காலம் முடியும்வரை வெள்ளிதோறும் அவர்தான் ஆயர்.

வேலையைக் காப்பாற்றியதற்கு மனைவி சந்தோஷப்படுவாள் என்று அவர் நினைத்தார். திரேசம்மா சந்தோஷப்படவில்லை.

"நாளைக்கே சுவாமியாரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கோ."

"செய்யிறன். ஆனால் வாற வெள்ளியும் போடவேணுமே."

"அப்ப அடுத்த சனியும் போங்கோ."

அவர் ஒவ்வொரு சனியும் போய்க் கோயில் குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பாவம் ஒன்றேதான் என்பதால் சுவாமியாருக்கும் நேரம் மிச்சம். மூன்றாம் சனிக்கிழமை சுவாமியார் மன்னிப்புக் கொடுத்தபிறகு, சூப்பு நல்லதா என்று கேட்டார்.

திரேசம்மாவின் மனம் மட்டும் ஆறவில்லை. ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை அந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். கழுத்துப்பட்டியில் முந்தினவனுடைய ஊத்தை இருந்ததாம். தோய்த்து, காயவிட்டு, அயன்பண்ணிக் கையில் கொடுத்தாள்.

"பொய்யோ மெய்யோ, ஆயருடைய உடுப்பு. சட்டியடியிலை வைக்காதேங்கோ," என்றாள்.