அப்பாவின் கோல்ஃப் கோச்

அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இருந்தன. மண்ணைத் துளைப்பதைத் தவிர அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. வண்டிகளைப் பாகம் பிரித்த நாளிலிருந்து பெரியப்பா அவரோடு பேசவில்லை. கோயமுத்தூரில் குடியேறி கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். சமாதானம் பேசப் போன அத்தையிடம், "வேணும்னா இங்க வந்து ஆடட்டும்" என்று சொல்லி அனுப்பினார். சவால் விடுகிறார் என்றே நான் நினைத்தேன். அப்பா தோற்றால் நான் பள்ளிக்கூடத்தில் எப்படித் தலைகாட்டுவது?

அப்பா ஒரு கோச்சை அமர்த்தினார். ஞாயிறுதோறும் வண்டிகள் நிற்கும் இடத்தில் வலை கட்டிப் பயிற்சி. வந்தவர் மீசைகூடச் சரியாக முளைக்காத இளைஞர். "உங்களுக்கு என்ன வேணுங்க சார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"அண்ணங்கூட ஒரு ஆட்டம் ஆடோணுங்க" என்றார் அப்பா.

ஜெயிக்கோணும் என்று ஏன் சொல்லவில்லை? எனக்குக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. முதல் நாள் முழுக்க மட்டையைப் பிடிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார், பந்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. டிரைவர்களை அலற வைக்கும் அப்பா அவரிடம் "சரிங்க சார், சரிங்க சார்" என்று நின்றார்.

அப்பாவின் வியாதி ஒன்றுதான். பந்துக்கு முன்னாலேயே மட்டையை மண்ணில் இறக்கிவிடுவார். கோச் அதைச் செல்போனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, வலது தோள் தாழ்வதைக் காட்டினார். நிற்கும் விதத்தை மாற்றினார். சில மாதங்களில் பந்து சுத்தமாகக் கிளம்பியது, ஒரு மண்கட்டிகூடப் பெயரவில்லை.

கோயமுத்தூருக்கு என்னையும் கூட்டிப் போனார். அண்ணனும் தம்பியும் யாரோ எவரோ மாதிரி நடந்தார்கள். அப்பா நன்றாகவே அடித்தார், பெரியப்பாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ஒரு சுலபமான அடி. பொத்தென்று மட்டை மண்ணில் இறங்கிப் புல்லோடு ஒரு கட்டி பறந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியப்பா குனிந்து அந்தக் குழியைப் பார்த்தார். "ஏண்டா, எத்தன அடியில தண்ணி?"

"இன்னும் புழுதிதாண்ணா வருது."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் வழியெல்லாம் பேச்சுதான். அப்பா தோற்றுப்போனார்.

திரும்பும்போது காரிலிருந்தே கோச்சைக் கூப்பிட்டு, "நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க சார்" என்றார். தோற்றதற்கு நன்றியா? வேறு கோச் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு அப்பா சிரித்தார். மண்ணில் இறங்கிய அந்த ஒரு அடிக்கு மட்டும் அவர் ஏன் அத்தனை நேரம் நின்று, வலது தோளை மெல்லத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.