சம்பந்தத்தின் இடது கால்

செஞ்சி பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சம்பந்தத்துக்கு ஐம்பத்தெட்டு வயது, இருபது வருடச் சர்க்கரை. ஆளைப் பார்த்தால் டாக்டர்களை உருவாக்குகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அவரே சொல்லிவிடுவார். "பதிமூணு டாக்டரு என் காலைத் தொட்டுத்தான் பாஸ் ஆயிருக்காங்க." உளுந்து வாங்க வந்தவர் பொட்டலத்தோடு இதையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

விஷயம் இதுதான். சர்க்கரைக்கும் ஹார்மோன் கோளாறுகளுக்கும் மேற்படிப்புப் படிக்கிற டாக்டர்களுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அதற்கு நிஜமான நோயாளி வேண்டும். அவருக்குப் பெயர் கேஸ். பொதுவாகச் சர்க்கரையில் இரண்டு கால்களும் சேர்ந்தே மரத்துப்போகும். சம்பந்தத்துக்கு வலது கால் மட்டும் மரத்து, இடது கால் சுரணையோடு இருந்தது. இப்படி ஒரு ஜோடிக் கால் லேசில் கிடைக்குமா? ஏழு வருடமாக, தேர்வு வந்தால் மருத்துவக் கல்லூரியிலிருந்து போன் வந்துவிடும். சம்பந்தம் சலவை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்.

மனைவி ஞானம்பாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"இன்னாங்க, அவங்க படிக்கிறதுக்குப் போறீங்க. உங்க காலுக்கு வைத்தியம் பாக்க எப்பப் போவீங்க?"

"அத்தினி டாக்டரு பாத்துட்டாங்க. இன்னும் யாரு பாக்கணும்?"

பார்த்தார்கள்தான். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டு, "தெரியுதா?" என்பார்கள். வலது காலுக்குத் "தெரியல", இடது காலுக்குத் "தெரியுது". அவருக்கு எல்லாம் மனப்பாடம். திணறுகிற பிள்ளைகளுக்கு அவரே மெல்ல விடையை எடுத்துக் கொடுப்பார். தேர்வு நடத்தும் பேராசிரியர் பழைய கேஸ் ஷீட்டைப் பார்த்து மார்க் போடுவார். காலைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

இதற்கிடையில் இடது காலும் மரத்துக்கொண்டு வந்தது. கடைக்குள் செருப்பு ஏறினால் லட்சுமி இறங்கிவிடுவாள் என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். சம்பந்தம் நாள் முழுக்க மூட்டைகளுக்கு நடுவே வெறுங்காலோடுதான் நடப்பார். ஆறு மாதமாகத் தரையின் சூடோ குளிரோ காலுக்கு எட்டவில்லை என்பது அவருக்கே தெரியும். வெளியே சொன்னால் அடுத்த தேர்வுக்குக் கூப்பிட மாட்டார்களே என்று வாயை மூடிக்கொண்டார். இந்த மனிதரை என்ன செய்வது?

இந்த வருடம் தேர்வு எழுத வந்தவர்களில் மதுமதி என்றொரு பெண். பொல்லாதவள். இழையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இடது காலைத் தொடாமலே, "தெரியுதாங்க ஐயா?" என்றாள்.

"நல்லாத் தெரியுதும்மா" என்றார் சம்பந்தம், கண்ணை இறுக மூடியபடி.

இன்னொரு தடவை தொடாமல் கேட்டாள். அப்போதும் தெரிந்தது. மதுமதி குனிந்து அந்தப் பாதத்தின் அடிப்பக்கத்தை நன்றாகப் பார்த்தாள்.

பேராசிரியர் வந்தார். "ரெண்டு காலுமே மரத்திருக்கு சார்" என்றாள்.

"ஷீட்டுல இடது கால் நார்மல்னு இருக்கேம்மா."

"கால்ல அப்படி இல்ல சார்."

பேராசிரியருக்கு முகம் சுருங்கியது. சம்பந்தத்தின் பக்கம் திரும்பினார். "ஏங்க, இடது கால்ல உணர்ச்சி இருக்குல்ல?"

இருக்கிறது என்றால் அந்தப் பெண் ஃபெயில். இல்லை என்றால் ஏழு வருடப் பெருமை இன்றோடு சரி. சம்பந்தம் யோசிப்பதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது. "இருக்குதுங்க சார்."

மதுமதி மறுபடி குனிந்தாள். இடுக்கியை எடுத்துக் குதிகாலில் எதையோ பிடித்து இழுத்தாள். முறிந்த கோணி ஊசித் துண்டு ஒன்று சீழோடு வெளியே வந்தது. சம்பந்தம் தலையைத் தூக்கிப் பார்த்தார். எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ, அவள் இழுத்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"பொய் சொல்லிட்டேன் சார். அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி."

பேராசிரியர் ஊசியைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார், ஒரு வரியை அடித்தார். மதுமதிக்கு மார்க் போட்டார். "ரெண்டு காலும்னா சாதாரண கேஸ்தான். அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைத் தேடணும்" என்று சலித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மதுமதி போகவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட ஆரம்பித்தாள்.

"காலை எடுத்துடுவாங்களாம்மா?"

"இன்னும் பத்து நாள் விட்டிருந்தா எடுக்க வேண்டி வந்திருக்கும். இன்னிக்கே வார்டுல சேந்துடுங்க."

"ஏழு வருஷமா காலைக் காட்டுறேன்மா. ஒருத்தரும் ஒரு மருந்து எழுதித் தரலியே" என்றார் சம்பந்தம்.

"கேஸுக்கு யாருங்க ஐயா மருந்து எழுதுவாங்க?" என்றாள் மதுமதி, அட்மிஷன் சீட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டே.