எனாமல் முகப்பில் ஒரு கோடு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். முப்பத்து நாலு வருஷம் ஹவுராவில் ரயில்வே ஆபீசில் ஃபைல் பார்த்தவன், எதற்கும் காகிதத்தில் ஆதாரம் கேட்டே பழகிவிட்டது. நீங்கள் இதை நம்பப் போவதில்லை என்பதும் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால், கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நானே சிரித்திருப்பேன்.

எனக்குப் பழைய பாக்கெட் கடிகாரங்கள் சேர்க்கிற பைத்தியம். பாலிகஞ்ச் ஃபிளாட்டில் பீரோவின் ஒரு தட்டு முழுக்க அதுதான். அதில் ஒன்று என் உயிர். வெள்ளிக் கூடு, வெள்ளை எனாமல் முகப்பு, ரோமன் எண்களுக்கு உள்ளே வட்டமாகக் குட்டிக் குட்டி நீலப் பூக்கள். எனாமல் என்றால் பெயிண்ட் என்று நினைத்துவிடாதீர்கள், செம்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளை உருக்கிச் செய்வது. நூறு வருஷமானாலும் நிறம் மங்காது, ஆனால் ஒருமுறை விரிசல் விட்டால் விட்டதுதான். அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்குச் சாவி கொடுப்பவள் என் மனைவி சரோஜா. அந்த நேரத்தில் நான் லேக் மார்க்கெட்டில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை பையோடு திரும்பி வந்தால் கடிகாரம் மொசைக் தரையில் கிடக்கிறது, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முகப்பில் நடுவிலிருந்து ஏழு வரைக்கும் தலைமுடி போல ஒரு கோடு, ஒரு பூவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது.

“கைல பலமே இல்லீங்க. நழுவிடுச்சு.”

“இத்தனை வருஷமா இருந்த பலம் இன்னைக்கு எங்க போச்சு?” என்றேன். சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். மறுநாள் அவள் உடம்பு சரியில்லை என்று படுத்திருந்தாள், நான் கடிகாரத்தைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு மொண்டல்தா கடைக்குப் போனேன். என் கடிகாரங்களையெல்லாம் ரிப்பேர் பார்ப்பவர் அவர். லென்ஸில் பார்த்துவிட்டு, “இதுக்கு வைத்தியம் கிடையாது தாதா” என்று வங்க மொழியில் சொன்னார், தாதா என்றால் அங்கே அண்ணா.

புதன்கிழமை டெங்கு என்றார்கள். திங்கட்கிழமையே உடம்பில் இருந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தாள், அவள் கை கொதித்தது.

“ஏங்க, அந்தக் கோடு ரொம்பத் தெரியுதா?”

“பேசாம படு,” என்றேன். சத்தியமாக அப்போது எனக்குக் கோபமில்லை, பயம்தான். ஞாயிறு காலை போய்விட்டாள். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகள் பெங்களூர் போன பிறகு ஒரு பழக்கம் வந்தது, சிரிக்காதீர்கள். தினமும் மத்தியானம் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “தெரியலை சரோ, தெரியவே இல்லை,” என்று சொல்வேன். கோடு கண்முன்னால் கறுப்பாகத் தெரியும், நான் பாட்டுக்குச் சொல்வேன். சாவி மட்டும் கொடுக்கவில்லை, மனம் வரவில்லை.

ஒரு மாதம் இருக்கும். பகல் மூன்று மணி, நல்ல வெளிச்சம். பீரோவைத் திறந்து கடிகாரத்தைக் கையில் எடுத்தால், நம்பினால் நம்புங்கள், கூடு சுட்டது. வெயில் படாத பீரோ அது. ஜுரக்காரர் கையைத் தொட்டது போல இருந்தது. அன்றைக்கும் சொன்னேன், சொல்லிவிட்டு மூடியைத் திறந்தேன். கோடு இல்லை. சாய்த்துப் பார்த்தேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன், முகப்புக்கு மேலிருந்த கண்ணாடியைக் கழற்றி நகத்தால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

அப்படியே மொண்டல்தாவிடம் ஓடினேன். அவரும் நம்பவில்லை. விரிசலைக் கழுவினால் கண்ணுக்கு மறையும், ஆனால் மை தடவினால் உள்ளே இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லி, ஒரு சொட்டு மை விட்டுத் துடைத்தார். முகப்பு பளிச்சென்றிருந்தது. கூட்டுக்குள் இருந்த நம்பரைத் தன் நோட்டோடு ஒத்துப்பார்த்தார், அதே கடிகாரம்தான். பிறகு அதை என் பக்கம் தள்ளி, “இனிமே இதை இங்க கொண்டு வராதீங்க தாதா,” என்றார்.

கேட்டவர்கள் எல்லாம், அம்மாள் மன்னித்துவிட்டாள், நிம்மதியாக இருங்கள் என்கிறார்கள். எனக்கு எங்கே நிம்மதி? அவள் கை கடைசியாக இந்த வீட்டில் விட்டுப்போன அடையாளம் அந்தக் கோடுதான். அதைக் கொடு என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

மகளிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை, பேச்சை நிறுத்துவதற்கு முன்னால், ஆத்திரத்தில் சரோஜா கையிலேயே கடிகாரத்தைக் கொடுத்து, கோடு நன்றாக விழும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தேன். எங்கள் கடிகாரக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கோட்டை அதிலாவது பார்க்கலாமே என்று போன வாரம் தேடி எடுத்தேன். ஏழெட்டுப் பேர் ஐயோ, எப்பேர்ப்பட்ட முகப்பு என்று கடிகாரத்துக்குத் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். படத்தில் கோடு இல்லை. நீலப் பூக்கள் முழுசாக இருக்கின்றன, ஓரத்தில் அவள் கட்டைவிரல். அதற்குக் கீழே நான் எழுதியது மட்டும் அப்படியே இருக்கிறது: ‘என் மனைவி கெடுத்துவிட்டாள்.’