ஆண்களுக்கு மட்டும் போட்ட மரப்பு ஊசி

என் மூன்றாவது பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தபோது எளாவூர்ப் பள்ளிக்கூடத்தில், பிள்ளை உண்டாகாமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் லூப்புக்கு முகாம் போட்டார்கள். அறுபதுகளின் கடைசி. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நானாகத்தான் போனேன்.

மெட்ராஸிலிருந்து வந்த டாக்டரம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். “பயப்படாதீங்க. தலையில பூ வெச்சுக்கிற மாதிரிதான்.” அவள் தலையில் நிஜமாகவே மல்லிகை இருந்தது.

இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் போனவள் பழவேற்காட்டு மீன்காரி. கொஞ்ச நேரத்தில் அவள் கத்துவது கேட்டது. “கொஞ்சம் நிறுத்துமா, தாங்க முடியல.”

“புள்ள பெத்தவதானே நீ? இதுக்குப் போய் கத்துற” என்றாள் டாக்டரம்மாள்.

மீன்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். “ரொம்ப நோவுதா அக்கா?” என்று கேட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் முறை வந்தது. “பல்லு புடுங்குறதுக்கே மரத்துப்போற ஊசி போடுறாங்களே, இதுக்கு ஒண்ணும் இல்லியாமா?”

“இதுக்கெல்லாம் கிடையாது. மூச்சை இழுத்து விடு.”

நர்ஸ் என் முழங்காலை அழுத்திக்கொண்டாள். இடுக்கி கருப்பை வாயைக் கவ்வியதும் அடிவயிற்றை உள்ளிருந்து யாரோ முறுக்கிப் பிழிவது போலிருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது அந்த அம்மாள், சாப்பாட்டுக்கு மீன் வேண்டாம், முட்டை போதும் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாத்திரைகூடத் தரவில்லை.

மாதக்கணக்கில் உதிரம் நிற்காததால் லூப்பை எடுத்துவிட்டேன். நான்காவதும் பிறந்தது. பிறகு என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “ஊசி போட்டு மரக்க வெச்சுட்டாங்கமே. கத்தி வெச்சதே தெர்ல. டீ, பிஸ்கோத்து எல்லாம் குடுத்தாங்க.”

அங்கே மேற்பார்வைக்கு நின்றிருந்தவள் அதே டாக்டரம்மாள். நேராகப் போய்க் கேட்டேன். “ஆம்பளைங்களுக்கு மட்டும் ஊசி எப்பிடிமா வந்துச்சு?”

“ஊசி போடலன்னா அவங்க வரமாட்டாங்களே” என்றாள். பச்சைக் குழந்தைக்குச் சொல்வது போல அவ்வளவு பொறுமையாக.

“நாங்க ஊசி இல்லாமயே வந்துட்டோம், அதான் எங்களுக்குப் போடலியா?”

“உங்க வீட்டுக்காரரைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. சைக்கிள் ஓட்டக் கூடாது.”

படித்த படிப்பெல்லாம் அவ்வளவுதான். நான் அழுதிருந்தால் ஒருவேளை அவளுக்குப் புரிந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அவள் முன்னால் அழுவதைவிட எருமை மாட்டின் முன்னால் அழலாம். வீட்டுக்காரர் ஒரு வாரம் பிள்ளை பெற்றவள் மாதிரி கட்டிலில் படுத்து முனகினார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த முகாமுக்குப் பெண்களைச் சேர்க்க நர்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தாள். “பூ வெச்சுக்கிற மாதிரி” என்று ஆரம்பித்தாள்.

“நோவும்னு சொல்லு. ஊசி எடுத்துக்கினு வா. அப்புறம் பேசலாம்” என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து என்னோடு நின்றுகொண்டார்கள். நர்ஸ் குடையை விரித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.