ஜிப் வைத்த வாய்

என் தங்கைக்குக் கோபமே வராது. வீட்டுக் கோபத்தையெல்லாம் அக்காவான நானே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டதாக அவள் வீட்டுக்காரர் சொல்வார். லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில் கிடப்பவர், அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியுமோ.

தங்கைக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கு வரும் புகார் போன்களை எடுத்துப் பேச வேண்டும். ஐஸ் கட்டவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, வந்த மெக்கானிக் இருந்ததையும் கெடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று ஊர்க் கோபமெல்லாம் அவள் காதில் வந்து கொட்டும். "மன்னிச்சுக்குங்க சார், உடனே ஆள் அனுப்புறோம்" என்று தேன் ஒழுகப் பேசுவாள். கெட்டுப்போனது யார் வீட்டு ஃப்ரிட்ஜோ, மன்னிப்புக் கேட்பது இவள்.

இருப்பதோ ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையலறை. அதற்குள் இன்னும் மூன்று வயது முடியாத ஒரு வாண்டு. வாயைத் திறந்தால் மூடாது என்பதால் எங்களுக்கெல்லாம் அது 'வாயாடி'. ஒரு நாள் போனுக்கு நடுவில், "அம்மா, கக்கா வந்துடுச்சு" என்று அது கத்தியதை, அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டிருந்தவர் தெளிவாகக் கேட்டுவிட்டார். இன்னொரு தடவை பிள்ளை சத்தம் கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

கீழ் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் நான், வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு புத்தகம் தைத்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் பட்டன் போட ஒரு சட்டை, அடுத்ததில் முடிச்சுப் போட ஒரு ஷூ, இன்னொன்றில் பிய்த்துப் பிய்த்து ஒட்ட மீன்கள். கடைசிப் பக்கத்தில் உருண்டையாக ஒரு முகம். அதன் வாய்க்கு, பழைய பையிலிருந்து பிரித்த ஜிப்பை வைத்தேன். வாயாடி அதோடு உட்கார்ந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

ஜிப்பை வைத்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தது தங்கைதான். அவள் ஹெட்போனை மாட்டும்போது வாயாடி ஜிப்பை மூட வேண்டும். "பொம்மை வாய் மூடியாச்சு, நம்ம வாயும் மூடியாச்சு." ஹெட்போனைக் கழற்றியதும் ஜிப்பைத் திறந்துவிட்டு இஷ்டத்துக்குப் பேசலாம். பிள்ளை இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எனக்குத்தான் ஏனோ உறுத்தியது.

"பிள்ளைய வளர்க்குறியா, பெட்டியில போட்டு மூடுறியா?" என்று கேட்டேன்.

"வேலை போச்சுன்னா நீ வந்து சோறு போடுவியாக்கா?"

நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள். ஊரில் பாதி ஃப்ரிட்ஜ் அன்றைக்குத்தான் படுத்துவிட்டது போலிருக்கிறது, மூச்சு விட நேரமில்லாமல் போன். சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றி வைத்த தங்கை, "திறந்துக்கோ கண்ணு" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். பதில் வரவில்லை. அப்பாடா, இன்னைக்குச் சமத்தா இருக்கே என்று நிம்மதியாக வெங்காயம் நறுக்கியிருக்கிறாள். அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

தங்கைக்குக் கொடுத்திருந்த கத்தரிக்கோலை வாங்கிப் போக நான் மாடிக்கு ஏறினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வாயாடி நின்றுகொண்டிருந்தது. கவுன் நனைந்து, காலடியில் ஈரம். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தது. கண்ணீர் வடிகிறது, சத்தம் இல்லை.

"என்னடி ஆச்சு, என் தங்கம்?"

தலையை ஆட்டியது. புத்தகத்தை நீட்டியது. பிரிந்த நூல் ஒன்று ஜிப்பின் பல்லில் மாட்டி, அது நகராமல் நின்றிருந்தது. இழுத்து இழுத்துப் பிள்ளையின் விரல் நுனி சிவந்திருந்தது.

தங்கை ஓடி வந்தாள். "பேசு கண்ணு. அம்மாதான சொல்றேன், பேசு." அது மறுபடியும் ஜிப்பைக் காட்டியது. அவளும் இழுத்துப் பார்த்தாள், ஜிப் அசையவில்லை. நான் அதைப் பிடுங்கி, ஊசியால் நூலைக் கிளப்பிவிட்டு, மெழுகுவத்தியைத் தேய்த்துப் பிள்ளை கையில் கொடுத்தேன். அதுவே திறந்தது. திறந்த பிறகுதான் அழுதது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஒண்ணுக்கு வந்துச்சும்மா. ஜிப்பு தொறக்கல."

தங்கை அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "யார் யார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கோ நாளெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்க்கா. இது இங்க நின்னு அழுதுட்டு இருந்திருக்கு. நான் சமத்துன்னு நினைச்சேன்."

வேறொரு நாளாக இருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். அந்த ஜிப்பை வைத்துத் தைத்தது என் கை, எந்த முகத்தோடு திட்டுவது? அங்கேயே உட்கார்ந்து ஜிப்பைப் பிரித்து எறிந்தேன். சிவப்புத் துணியில், மூடவே முடியாதபடி ஒரு பெரிய சிரிப்பைத் தைத்தேன்.

மறுநாள் காலையில் அங்கேதான் இருந்தேன். முதல் போன் வந்தது. தங்கை ஹெட்போனை மாட்டினாள். "சொல்லுங்க சார்" என்றவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "வீட்ல சின்னக் குழந்தை இருக்கு சார், சத்தம் வரும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் சொன்னாள்.

வாயாடி கடைசிப் பக்கத்தைப் புரட்டியது. ஜிப்பைத் தேடியது. பிறகு ஒரு கையால் அந்தத் துணிச் சிரிப்பைப் பொத்தியது, இன்னொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டது.

போன் முடியும்வரை தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவே இல்லை.