மலைக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டு ஹாலில் வாசற்கதவை ஒட்டி ஓர் ஆணி உண்டு. அதில் அண்ணனின் கார் சாவி தொங்கும். சாவியோடு ஒரு தோல்பட்டை, அதன் நுனியில் சின்னதாக ஒரு பித்தளை வேல். வெளியே கிளம்பும்போது அண்ணன் அதை எடுத்து விரலில் மாட்டி இரண்டு சுற்று சுற்றுவார். அந்தக் கிலுகிலுப்பு கேட்டதும் நாங்கள் எல்லோரும் செருப்பைத் தேட வேண்டும். பெங்களூர் அல்சூரில் காலங்காலமாக இருக்கும் குடும்பம் எங்களுடையது. அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் கடைசிவரை ஸ்கூட்டரிலேயே போய்வந்தவர். வீட்டில் முதன்முதலாகக் கார் வாங்கியது அண்ணன்தான் என்பதால் அந்தச் சாவிக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. அண்ணிக்கு மட்டும் அந்த மரியாதை ஏனோ வரவே இல்லை.

அண்ணி கோலார் தங்கவயல்காரர். கல்யாணத்துக்கு முன் பல வருடங்கள் விடிவதற்குள் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பியவர். மாலூர் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் பின்னால், பெரிய பெரிய பாறைகளை யாரோ பொறுமையாக அடுக்கி வைத்தது போல ஒரு மலை. பொழுது புலர்கிற வேளையில் அது ஜன்னலில் வரும். "ஒருநாள் இங்க எறங்கிடணும்னு தினமும் நெனப்பேன். எறங்குனா லேட் மார்க் போட்டுடுவாங்க" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி அல்சூருக்கு வந்தபின் அந்த ரயிலும் இல்லை, அந்த ஜன்னலும் இல்லை. அண்ணன் வேறு மலைகளுக்குக் கூட்டிப்போகாமல் இல்லை. ஆனால் அண்ணனோடு மலைக்குப் போனால் பார்க்கிங் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். மீதிப் பொழுதில் சுட்ட சோளம் தின்றுவிட்டு, டிராஃபிக் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனதும் அண்ணிக்கு இறக்கை முளைத்துவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போவதாக அறிவித்தார். ஒரே ஒரு நிபந்தனை: போவதும் வருவதும் பஸ்ஸில் அல்லது ரயிலில். "கார்னா யாராவது கூட்டிட்டுப் போகணும். பஸ்னா நானே போவேன்" என்றார். அண்ணன் சிரித்தார். நானும் அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தேன்தான்.

முதல் பயணம் ஆனேக்கல்லைத் தாண்டி ஒரு குன்றுக்கு. ஏறினோம், ஏரியைப் பார்த்தோம், புளிச்சாதம் தின்றோம், எல்லாம் அமர்க்களம். சாயங்காலம் கிராமத்துக்கு பஸ் வரும் என்று அண்ணி முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். சொன்ன நேரத்துக்கு பஸ்ஸும் ஆடி அசைந்து வந்தது. நாங்கள் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தோம். டிரைவர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார். ஒருவர் குழாயடியில் கால் கழுவினார், இன்னொருவர் கோவில் மண்டபத்தில் பாயை விரித்தார். அண்ணி ஜன்னல் வழியாக எப்போது புறப்படும் என்று கேட்டார். "நைட் ஹால்டிங்கம்மா இது, இன்னு பெளிக்கேனே" என்று கண்டக்டர் சாவகாசமாகச் சொன்னார். இனி காலையில்தானாம். பஸ் வருமா என்று ஊரெல்லாம் கேட்ட அண்ணி, வந்த பஸ் திரும்பிப் போகுமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கடைசியில் அத்திபெலே மார்க்கெட்டுக்குப் புறப்பட்ட தக்காளி டெம்போவில், கூடைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். அத்திபெலேயில், போனில் விஷயம் கேட்டிருந்த அண்ணன் காரோடு நின்றிருந்தார். சாவியை விரலில் மாட்டி இரண்டு சுற்று சுற்றினார், அவ்வளவுதான்.

அதற்குப்பின் தெருவில் அண்ணியின் பெயரே தக்காளி டூர் ஆகிவிட்டது. கூட வந்த பெண்கள் பின்வாங்கினார்கள். அண்ணன் ஒரு தீர்ப்பு சொன்னார்: "இன்னொரு வாட்டி போங்க. நானும் பின்னாடியே வண்டியில வரேன். அதுலயும் மாட்டிக்கிட்டா இந்த பஸ் கதையெல்லாம் அன்னிக்கே ஸ்டாப்." அண்ணி சரி என்றார். அன்று ராத்திரி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "இது போச்சுன்னா அப்புறம் நான் எங்க போகணும்னாலும் அந்த ஆணியத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும்மா" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அண்ணன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த திட்டத்தை அண்ணி பின்னாலிருந்து போட்டார். முதலில் திரும்பும் வழி, அதற்கப்புறம்தான் போகும் வழி. ஞாயிற்றுக்கிழமை ஓடாத பஸ்கள் உண்டு என்பதால், ஞாயிற்றுக்கிழமையே போய் விசாரித்தார். கண்டக்டர்களிடமும் டீக்கடைகளிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கடைசி பஸ் எங்க தூங்கும்?" கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் சரியான பதில் சொன்னார்கள். ஜன்னலில் பார்த்த மலையின் மறுபக்கத்தில் ஒரு கிராமம். மாலூரிலிருந்து காலையில் பஸ் உண்டு. சாயங்கால பஸ் அங்கேயே தூங்கிவிடும். வேறு யாராக இருந்தாலும் அந்த ஊரை அதோடு விட்டிருப்பார்கள். அண்ணி விடவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் ரயிலைப் பிடிக்க மலையைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். வழியை ஹாலில் எல்லோர் முன்னாலும் விளக்கினார். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பார்க்கிங் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "ஆஞ்சநேயர் கோவில் கிட்ட தாராளமா இருக்கு" என்றார் அண்ணி.

பழைய பெண்களைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துக்கொண்டு போனோம். கிராமத்தில் அண்ணனின் கார் எங்களுக்கு முன்பே வந்து புளியமர நிழலில் நின்றது. பாறை இடுக்குகளில் ஏறும்போது அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் அன்று நல்ல குஷி. உச்சியில் காற்று சேலையைப் பிடுங்கியது. சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் எழுந்து, வந்த பக்கமாகத் திரும்பினார். அண்ணி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். கீழே ராகி வயல்கள், அதற்கப்பால் தண்டவாளம், ஓட்டுக்கூரை போட்ட சின்ன ஸ்டேஷன்.

"இப்படித்தாங்க எறங்கணும்."

"வண்டி அந்தப் பக்கமில்ல நிக்குது!"

"கார்ல வந்தவங்க வந்த வழியே திரும்பணுங்க. நாங்க பஸ்ல வந்தவங்க. எங்களுக்கு அந்தப் பக்கமும் இருக்கு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பாறை இடுக்கிலிருந்த புறாக்கள் பறந்தன. அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது அண்ணி மெதுவாக, ரயில் ஜன்னலையும் லேட் மார்க்கையும் அவரிடம் சொன்னார். இத்தனை வருடத்தில் அண்ணன் அதைக் கேட்டதே இல்லை. பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தார்.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் தக்காளிக் கூடை ஞாபகம் வந்துவிட்டது. ரயில் வரும் நேரம் தாண்டியது. அண்ணன் விடாமல், "ரயிலும் இங்கயே படுத்துக்குமோ?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி அது கயிறாகிவிட்டது. அப்போது தூரத்தில் ஹாரன் கேட்டது. ரயில் வந்தது, நின்றது, எங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அது புறப்பட்டபோது பெண்கள் கைதட்டிய சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. மலை ஜன்னலில் வந்தது. அண்ணி முன்னால் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளைத் தொட்டு, "அதோ, அந்தப் பாறை இருக்கில்ல, அதும்மேல ஒக்காந்துதான் நாங்க சாப்ட்டோம்" என்றார். அந்தப் பெண் கண்ணை அகல விரித்து, "இதே ரயில்ல எத்தினி நாளா போறேன், அதுக்கு வழி இருக்குதா அக்கா?" என்று கேட்டாள். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரும்வரை அண்ணி அவளுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காரை எடுத்துவர அண்ணன் லீவு போட்டு பஸ்ஸில் போனார், அண்ணியும் கூடப் போனார். கண்டக்டர் அண்ணிக்கு இலவச டிக்கெட் கொடுத்துவிட்டு அண்ணனிடம் மட்டும் காசு வாங்கியதை அண்ணி இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை வேறொரு மலைக்குப் போனோம். இப்போது கூட்டம் பெருகிவிட்டது, தெருவில் யாரும் தக்காளி டூர் என்று சொல்வதில்லை. அடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. அண்ணன் அவற்றைப் பார்த்தபடியே தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பாவம், இவங்கள்லாம் வந்த வழியே திரும்பணும்" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார், நான் அண்ணியைப் பார்த்தேன். வீட்டில் ஆணியில் சாவி அதன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.