உப்புப் பார்க்க ஒரு வாய்

போன ஞாயிறு லண்டன் மோர்டனில் ஒரு புதுவீடு குடிபூரல். சாப்பாடு முடிந்து மூலையில் இருந்தேன். அந்த வீட்டுப் பெடியன் கஜன் வந்து பக்கத்தில் இருந்தான். கென்யாவுக்கு விடுமுறை போய் வந்தவன். போனில் படம் காட்டினான். யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு ஒரு பெரிய மான் வந்தது. மாட்டின் உடம்பு, கழுத்தில் தொங்கும் தோல், முறுக்கின கொம்பு.

“அங்கிள், இது ஈலண்ட். சைஸைப் பாருங்கோ.”

“திறமான இறைச்சி,” என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாய் திறப்பதே குறைவு. திறந்து சொன்னது இதுவென்றால் சிரிக்கத்தானே செய்வார்கள்.

“அங்கிள் எப்ப ஆபிரிக்காவுக்குப் போனனீங்கள்?”

“போகேல்லை. வேலைக்குப் போனனான். பஸ்ஸில.”

அதற்கு மேல் அங்கே சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம்.

எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். வந்தவர்கள் எல்லோரும் கழுவின பாத்திரத்தை நானும் கழுவினேன். கழுவிக் கழுவி மேற்கு லண்டனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் போய் நின்றேன். முதலாளி கென்யாவில் பிறந்த வெள்ளைக்காரர். கடையில் ஆடு, கோழி கிடையாது. எல்லாம் ஆபிரிக்கக் காட்டு இறைச்சி. உறைந்து கல்லாகப் பெட்டியில் வரும். ஒரு நாள் கறி வைக்கிறவன் வரவில்லை. ஈஸ்ட் ஹாம் தமிழ்க்கடையில் வாங்கின கறித்தூளைப் போட்டு நான் வைத்தேன். தட்டுகள் வெறுமையாகத் திரும்பி வந்தன. அன்றிலிருந்து கறி என் பொறுப்பு.

ஆனால் நான் தின்பதில்லை. மனிசி கொழும்பில் லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தாள். அவள் வந்து சேருமட்டும் மச்சம் தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் இல்லை. அதைக் கண்டுபிடித்தது மோசஸ். சாம்பியாக்காரன். இறைச்சி வாட்டுகிற சூட்டடுப்பில் நிற்பவன். அவனுடைய தகப்பன் வேட்டைக்கு வருகிற வெள்ளைக்காரருக்குக் காட்டில் வழிகாட்டினவர். அவன் கதைத்தது இங்கிலிஷ். என் காதில் ஏறினது தமிழ். ஏறினபடியே எழுதுகிறேன்.

“நீ சமைக்கிறாய். தின்னிறேல்லை. என்ன, நஞ்சு போடுறியோ?”

நேர்த்தியைச் சொன்னேன். சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“மணக்கிறதுக்கு உன்ர சாமி விடுவாரோ?”

“மணக்கலாம்.”

“அப்ப நல்ல சாமிதான்,” என்று சொல்லி அகப்பையை என் கையிலிருந்து வாங்கினான். ஊதி ஊதிக் குடித்தான். “உப்புப் போடு.”

அன்று தொடங்கி எனக்கு உப்புப் பார்த்தவன் அவன். விரலை மேலே காட்டினால் இன்னும் போடவேணும். கையை விரித்தால் காணும், அவ்வளவு போதும். சண்டை பிடித்த நாட்களிலும் விரலைக் காட்டாமல் விடவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காட்டுவான்.

எந்த மிருகம் திறம் என்பதில் அவனுக்கு ஒரு வரிசை இருந்தது. வெங்காயம் உரிக்கும்போது அதைத்தான் சொல்லுவான்.

“முதலையை விடு. அது பேருக்காகத் தின்னிறது. மீனுக்கும் கோழிக்கும் பிறந்த சாமான். வரிக்குதிரை இனிக்கும், கொழுப்பு மஞ்சள், எனக்குச் சரிவராது. வாட்டர்பக் எண்டு ஒரு மான் இருக்கு. அதின்ர மயிர் இறைச்சியில பட்டால் நாயும் யோசிச்சுத்தான் தின்னும். கூடூ மான் நல்லது, ஆனால் கொஞ்சம் கூட வேகவிட்டால் செருப்பு. இம்பாலா ஒவ்வொரு நாளும் தின்னலாம். அதுக்கு மேல காட்டுப்பண்டி. எல்லாத்துக்கும் மேல ஈலண்ட்.”

நான் வன்னிக் காட்டு மரைமான் இறைச்சி தின்றவன். அதைச் சொன்னேன்.

“உன்ர மரை, ஈலண்டின்ர செருப்பைத் துடைக்கும்,” என்றான். மரையை அவன் கண்டதே இல்லை.

வேலை முடிந்தால் ஈஸ்ட் ஹாம் அறை. அங்கே இருந்த மற்றப் பெடியள் வேறு வேறு ஷிப்ட். பாணும் பருப்பும் கட்டிலில் வைத்துச் சாப்பிடுவேன். கதவைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் யாரோ வரப்போகிறது போல இருக்கும். அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். உடுப்பில் மட்டும் இறைச்சி மணம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நான் நன்றாகத் தின்று வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு நாள் முதன்முதலாக ஈலண்ட் வந்தது. முதலாளியே குசினிக்குள் வந்து ஒரு துண்டு வாட்டி, முள்ளுக்கரண்டியில் குத்தி என் வாய்க்கு நேரே பிடித்தார். ருசி பார்த்து இதை எப்படிக் கறி வைக்கலாம் என்று சொல்லட்டாம். வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் மாறியது. தின்னாத ஆளுக்குக் குசினியில் என்ன வேலை, திரும்பிப் போய்ப் பாத்திரம் கழுவு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்.

அந்த வேலையைக் காட்டித்தான் மனிசிக்கு விசா கேட்டிருந்தேன். தின்றால் நேர்த்தி போகும். தின்னாவிட்டால் வேலை போகும். இரண்டில் எது போனாலும் அவள் வரமாட்டாள் என்று நின்றேன். கரண்டி அப்படியே நின்றது.

மோசஸ் வந்து குனிந்து அந்தத் துண்டைக் கடித்து எடுத்தான்.

“இவன்ர வாய் என்னட்டை இருக்கு, சேர்,” என்றான்.

மென்றான். பிறகு மெல்லுவது நின்றது. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கனகாலம் காணாத ஆளைச் சந்தியில் கண்டவன் போல. முதலாளி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே போனார். கறி என்னிடமே இருந்தது.

“உன்ர மனிசி வந்தால் முதல் தின்னிறது இது,” என்றான் மோசஸ். “உப்பு நான் பார்க்கிறன்.”

அவள் வர முதல் அவனுடைய விசா முடிந்துபோனது. கடைசி நாள் ஒரு பொட்டலம் தந்தான். ஈலண்ட். முதலாளியிடம் கேட்டு வாங்கினதாம்.

“இனி உன்ர வாயை நீயே வைச்சிரு,” என்றான். கை தந்துவிட்டுப் போனான். விலாசம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிற ஆள் நானும் இல்லை.

பொட்டலம் எங்கள் அறை வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் கிடந்தது. “அண்ணை, இந்தக் கல்லை எப்ப எறியப்போறியள்?” என்று பெடியள் கேட்பார்கள். “கிடக்கட்டும்,” என்பேன்.

மனிசி வந்தாள். கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். வந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

“இஞ்சாருங்கோ, எனக்கு வேண்டாம். நான் மச்சம் விட்டிட்டன்.”

“எப்ப?”

“லொட்ஜில இருக்கேக்க. உங்களிட்டை வந்து சேரவேணும் எண்டு நேர்த்தி.”

“நானும் வைச்சனான். நீ வருமட்டும்.”

“நான் சாகுமட்டும் வைச்சிட்டன்,” என்றாள். சிரித்தாள். “முருகனோட பேரம் பேசலாமே?”

பிறகு அவளே எழும்பிச் சமைத்தாள். விடச் சொன்னேன், விடவில்லை. ருசி பார்க்காமல், மணந்து மணந்து உப்புப் போட்டாள். எனக்குப் போட்டுத் தந்துவிட்டுத் தன் பருப்போடு முன்னால் இருந்தாள்.

“உப்புக் காணுமோ?”

குறைவு. “காணும்,” என்றேன்.

மாடு போலத்தான். ஆனால் மெல்லிய நார். பல்லுக்கு வேலை இல்லை. மோசஸ் எந்த இடத்தில் கண்ணை மூடினான் என்று மென்று மென்று தேடினேன். பிடிபடவில்லை. எதிரில் மனிசி. இத்தனை வருஷம் காத்திருந்த ஆள். அவளிடம் அதைக் கேட்க முடியாது.

பிறகு சட்டனுக்குக் குடிவந்தோம். ஆடு, கோழி, மீன் என்று எனக்கு எல்லாம் வைத்துத் தந்தாள், ஒரு நாளும் வாயில் வைக்காமல். சில நாள் உப்புக் கூட, சில நாள் குறைவு. ஒவ்வொரு நாளும் கேட்பாள். ஒவ்வொரு நாளும் காணும் என்பேன்.

அந்தச் சாப்பாட்டுக்கடை இப்போது பல்லு டொக்டரின் இடம். மோசஸ் இருக்கிறானோ தெரியாது. மனிசி காலமாகி இது இரண்டாவது குளிர்காலம்.

மோர்டனில் கஜன் விடவில்லை. “எப்பிடி இருந்தது அங்கிள், அந்த இறைச்சி?”

“உப்புக் குறைவு,” என்றேன். திரும்பவும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கோழி வைத்தேன். அகப்பையில் கொஞ்சம் எடுத்து, ஊதி, நானே வாயில் வைத்துப் பார்த்தேன். காணும் போலத்தான் இருந்தது.